அடிமுடி தேடிய அறிஞர்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சிவாலயத்தை வலம் வருவோர் கருவறையின் பின்சுவரை அடைந்ததும் ஒரு கணம் நின்று கைகூப்புவர். அங்குள்ள மாடத்தில் இலிங்கோற்பவ மூர்த்தி எழுந்தருளியிருக்கின்றார். நடுவே அழற்பிழம்பாகிய ஒரு தூண். மேலே பறந்து செல்லும் அன்னம். கீழே நிலத்தை அகழ்ந்து செல்லும் பன்றி. அடிமுடி தேடிய வரலாறு இங்குள்ள சிறு பிள்ளைகளும் அறிந்ததே. பிரமன் முடியைத் தேடி மேலே பறந்தான். திருமால் அடியைத் தேடிக் கீழே சென்றார். இருவரும் காணவில்லை.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தேடிய இருவருமே தோற்றனர். ஆயினும் ஒருவர்க்குப் பெருமையும் மற்றவர்க்குச் சிறுமையும் வந்தன. அஃது எதனால்? திருமால் மீண்டு வந்து, ‘காண இயலவில்லை’ என்று உள்ளதை உள்ளவாறே உரைத்தார். பிரமனோ தாழம்பூவைப் பொய்ச்சான்றாகக் கொண்டு, ‘முடியைக் கண்டேன்’ என்றான். காணாமை அங்கே குற்றமாகவில்லை. காணாததைக் கண்டதாகக் கூறியதே குற்றமாயிற்று. பொய்ச்சான்று பகர்ந்த தாழம்பூவும் சிவபூசைக்கு ஆகாததாயிற்று.

தேடுதலும், தேடிக் காணாததைக் காணவில்லை என ஒப்புதலும் ஆகிய இவ்விரண்டுமே மெய்யறிவின் இரு கண்கள் என்பது இப்புராணத்தின் உட்பொருள். இவ்வுட்பொருளுக்கு அண்மைக் காலத்தில், கடல் கடந்த நாட்டில், ஒரு பௌதிக விஞ்ஞானியின் முதுமைப் பருவம் விளக்கவுரை போல அமைந்தது. அவர் பெயர் ஜான் ஆர்ச்சிபால்ட் வீலர் என்பது. 1911ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அமெரிக்க நாட்டில் பிளாரிடா மாநிலத்துப் பிறந்து, 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தவர். குடமுழுக்கு நாளில் விஞ்ஞானியின் கதை எதற்கு எனச் சிலர் கருதலாம். இறுதியில் அக்கருத்து நீங்கும்.

வீலர் இருபத்தொரு வயதிலேயே ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். பின்னர் டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்குச் சென்று, அணுவின் அமைப்பை ஆராய்ந்த பேரறிஞர் நீல்ஸ் போஹ்ரிடம் பயின்றார். 1938இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அடுத்த ஆண்டில், யுரேனிய அணுவின் கரு எவ்வாறு பிளவுபடுகின்றது என்பதை விளக்கிப் போஹ்ரும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. அது வெளிவந்த நாள் 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அதே நாளில்தான்.

‘எப்படி’ என்னும் வினாவுக்கு விடை கண்டவனுக்கு ஆற்றல் கிட்டும். அணுக்கரு எப்படிப் பிளக்கும் என அறிந்த வீலரையும் போர் அழைத்துக்கொண்டது. ஹான்போர்டு என்னுமிடத்தில் அமைக்கப்பட்ட பெரிய அணு உலை 1944ஆம் ஆண்டு செப்டம்பரில் இயங்கத் தொடங்கிச் சில மணி நேரத்தில் தானே அடங்கியபோது, உலைக்குள் தோன்றும் செனான் என்னும் வாயுவே அதற்குக் காரணம் எனக் கண்டவர்களுள் அவர் முன்னிற்பவர். அவருடைய தம்பி இத்தாலியப் போர்க்களத்தில் இருந்தார். தமையனார் செய்துவரும் பணியைக் குறிப்பால் உணர்ந்த அத்தம்பி, விரைந்து முடிக்குமாறு ஓர் அஞ்சலட்டை விடுத்தார். 1944 அக்டோபரில் அவர் போரில் மாண்டார். படைக்கலம் ஓராண்டு முன்னரே முடிந்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்னும் எண்ணம் வீலரை இறுதிவரை வாட்டியது. அப்படைக்கலத்தால் ஜப்பானில் மாண்ட உயிர்களை எண்ணுவோர்க்கு இக்கூற்று உடன்பாடாகாது. ஆற்றல் தரும் அறிவு அமைதி தருவதில்லை என்பது மட்டும் இருசாராரும் ஒப்பும் உண்மை.

போருக்குப் பின் அவர் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையில் ஈடுபட்டார். அங்கே அவரது நேர்மை சோதனைக்கு உள்ளாயிற்று.

இதில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டில் தம் பத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்து நோக்கிக் கப்பலில் செல்லும்போது ஒரு கணக்கைச் செய்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஒன்றின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படுமாயின், அது வெண்குறுமீனாக அமைதியுற்று நிலைக்க இயலாது என்பது அதன் முடிபு. அவ்வாறாயின் மிகப் பெரிய விண்மீனின் கதி யாது? தன் ஈர்ப்பாலேயே தன்னுள் இடிந்து வீழ்ந்துகொண்டே செல்லும் என்று ஓப்பன்ஹைமரும் அவர் மாணாக்கரும் 1939இல் எழுதினர். வீலர் இதை ஏற்கவில்லை. 1958ஆம் ஆண்டு பிரஸ்ஸெல்ஸ் நகரில் கூடிய அறிஞர் பேரவையில் ஓப்பன்ஹைமர் முன்னிலையிலேயே மறுத்துரைத்தார். ஆயினும் மறுத்ததோடு அமையாமல் மேலும் ஆராய்ந்தார். சில ஆண்டுகளில் தம் கருத்தே பிழை எனக் கண்டார்; கண்டதும் அதனை வெளிப்படையாகக் கைவிட்டார். அதனினும் வியப்பு என்னவெனில், தாம் மறுத்த பொருளுக்கு அவரே பெரும் பரப்புரையாளர் ஆனார். ‘கருந்துளை’ என்று இன்று தமிழில் வழங்கும் பெயரின் ஆங்கில மூலத்தை 1967 முதல் உலகெங்கும் பரவச் செய்தவர் அவரே.

கற்றவர் பலர் கூடிய அவையில் உரைத்த சொல்லைத் திரும்பப் பெறுவது எளிதன்று. தாழம்பூவைத் தேடும் மனமே பெரும்பாலும் அவ்விடத்தில் எழும். வீலர் அதனைத் தேடவில்லை.

அன்பர்களே! இனிமேல்தான் இவ்வரலாற்றின் உயிர்நிலை வருகின்றது. 1976இல் வீலருக்கு வயது அறுபத்தைந்து. பிரின்ஸ்டன் பணியினின்றும் ஓய்வுபெற வேண்டிய காலம். பேரும் புகழும் வந்துவிட்டன. அவரிடம் பயின்ற ரிச்சர்ட் பெயின்மன் நோபல் பரிசு பெற்றுப் பத்தாண்டு கடந்திருந்தது. சாய்வு நாற்காலியும் பழங்கதையும் போதும் என எண்ணத்தக்க வயது. அவரோ மனைவியாருடன் தொலைவிலுள்ள டெக்ஸாஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, ஆஸ்டின் நகரப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகள் புதிதாகத் தொண்டாற்றத் தொடங்கினார். அங்கே அவர் எடுத்துக்கொண்டவை, இளமையில் வேலை மிகுதியால் ஒதுக்கி வைத்திருந்த வினாக்கள். உலகம் என ஒன்று ஏன் உளதாயிற்று? அணுவுலகின் விதிகள் ஏன் இத்துணை விந்தையாக உள்ளன? காண்பானுக்கும் காணப்படும் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாது? ‘எப்படி’ என்று கேட்டு முடித்தவர் ‘ஏன்’ என்று கேட்கத் தொடங்கினார்.

அவ்வினாவை விளக்க அவர் ஒரு விளையாட்டைக் கூறுவது வழக்கம். விருந்துக்குப் பின் நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டம் அது. ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, மற்றவர் ஒரு சொல்லை நினைத்துக்கொள்வர். வெளியே சென்றவர் வந்து, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் விடை கூறத்தக்க வினாக்கள் இருபதுக்குள் அச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை வீலரின் முறை வந்தது. அவர் உள்ளே வந்தபோது எல்லார் முகத்திலும் புன்முறுவல். அவர் வினவத் தொடங்கினார். முதலில் விடைகள் விரைந்து வந்தன. போகப்போக ஒவ்வொருவரும் நெடுநேரம் சிந்தித்தே ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் கூறலாயினர். இறுதியில் அவர், ‘மேகமா?’ என்று கேட்டார். ‘ஆம்’ என்று சொல்லி அனைவரும் சிரித்தனர். உண்மை யாதெனில், அவர்கள் எந்தச் சொல்லையும் முன்னரே நினைத்திருக்கவில்லை. எவரும் விரும்பிய விடையைத் தரலாம். ஆனால் அதுவரை கூறப்பட்ட எல்லா விடைகளுக்கும் பொருந்தும் சொல் ஒன்றையேனும் ஒவ்வொருவரும் மனத்தில் கொண்டிருக்க வேண்டும். இஃதொன்றே அவர்கள் வகுத்த விதி.

மேகம் என்னும் சொல் அவர் நுழைந்தபோது அவ்வறையில் இல்லை. அவர் வேறு வினாக்களைக் கேட்டிருந்தால் வேறு சொல்லே வந்திருக்கும். ஆயினும் அவர் விரும்பிய சொல்லை வரவழைக்கவும் அவரால் இயலாது. விடைகளின் கட்டுப்பாடு உண்டு. அணுவுலகும் இத்தகையதோ என்பது அவர் ஐயம்.

இவ்வையத்தைச் சோதிக்க 1978இல் அவர் ஓர் ஆய்வு முறையை எடுத்துரைத்தார். அதனைக் கோயிலை வைத்தே ஓரளவு விளக்கலாம். ஒளியின் மிகச் சிறிய துணுக்கு ஒன்று புறப்படுகின்றது. வழியிலுள்ள பாதி ஒளியை விடுத்துப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று, கீழைக் கோபுர வாயில், தெற்குக் கோபுர வாயில் என்றாற்போல இரு வழிகளை அதற்குத் திறந்து விடுகின்றது. இரு வழிகளும் கூடும் சந்நிதியில் மற்றொரு கண்ணாடியை வைத்தால், அத்துணுக்கு இரு வாயில்களாலும் ஒருங்கே வந்தது போன்ற அடையாளம் கிடைக்கின்றது. அக்கண்ணாடியை எடுத்துவிட்டால், ஏதேனும் ஒரு வாயிலால் மட்டும் வந்ததாகவே தோன்றுகின்றது. வீலர் கேட்ட வினா இது: ஒளித்துணுக்கு முதற் கண்ணாடியைக் கடந்த பின்னர், சந்நிதியில் கண்ணாடியை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்தால் என்ன நிகழும்?

இது வெறும் கற்பனையாக நின்றுவிடவில்லை. 1980களிலேயே ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டது. 2007இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் 48 மீட்டர் நீளமுள்ள கருவியில், ஒளித்துணுக்குகளை ஒவ்வொன்றாகச் செலுத்தி, இதனைத் திட்பமாகச் செய்து காட்டினர். முடிவைப் பின்னர் எடுத்தபோதும் வீலர் எதிர்பார்த்தவாறே அடையாளங்கள் கிட்டின. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றைந்து. சென்று முடிந்ததைப் பின்னர் செய்யும் செயல் மாற்றிவிடுகின்றது என்று அவர் இதற்குப் பொருள் கூறவில்லை. பதிவு செய்யப்படாத ஒன்றை, இன்ன வழியால்தான் வந்தது எனப் பேசுவதே பொருந்தாது என்பதுதான் அவர் கொள்கை. 1989இல், தம் எழுபத்தெட்டாம் வயதில், பொருள்கள் யாவும் முடிவில் ஆம், இல்லை என்னும் விடைகளிலிருந்தே தோன்றுகின்றனவோ என்னும் பெரிய ஊகத்தையும் வெளியிட்டார்.

மெய்யன்பர்களே! இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இதைக் கேட்டவுடன், ‘நம் சாத்திரங்கள் கூறியதையே விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது, காண்பானே உலகைப் படைக்கின்றான்’ என்று கொண்டாட மனம் விரையும். அவ்வாறு எழுதும் நூல்களும் பல. வீலர் அதனை ஒப்பியிருக்க மாட்டார். காண்பது என்று அவர் கூறியது மனத்தின் மாயமன்று; ஒளியின் சுவடு ஒரு கருவியில் மீளாவண்ணம் பதிவாவதே அதற்குப் போதும் என்றார். 1979ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில், எண்ணத்தால் பொருளை அசைத்தல் போன்றவற்றை ஆராய்வோருடன் தம்மையும் ஒரே வரிசையில் அமர்த்தியபோது, அத்தகையோர்க்கு அச்சங்கத்தில் இடமளித்தலாகாது என்று கடுமையாக எதிர்த்துரைத்தவர் அவர். தம் கொள்கைக்கு ஆதரவாக வரும் ஆரவாரத்தையும் அவர் ஏற்கவில்லை என்பது கருதத்தக்கது. சமயத்துக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் வேண்டுவதில்லை. காணாததைக் கண்டதாகச் சான்று தேடுவது, எத்துணை நன்னோக்கத்தோடு செய்தாலும், தாழம்பூவின் செயலேயாகும்.

அவ்வாறாயின் இம்முதியவரின் வாழ்விலிருந்து திருக்கோயில் அன்பர்கள் கொள்ளத்தக்கது யாது? விடையன்று, வினவும் முறை.

பிரச்ன உபநிடதம் என்னும் நூலின் பெயருக்கே வினா என்பது பொருள். அறுவர் கையில் சமித்தேந்திப் பிப்பலாத முனிவரை அடைகின்றனர். அவர் உடனே உபதேசம் செய்யவில்லை. ஓராண்டு தவத்தோடும் சிரத்தையோடும் தங்கியிருந்து பின்னர் வினவுமாறு பணிக்கின்றார். தமக்குத் தெரிந்திருக்குமாயின் உரைப்பதாகவும் கூறுகின்றார். ஆசான் ஒருவர் ‘தெரிந்திருக்குமாயின்’ எனத் தொடங்குவது எத்துணைப் பெரிய பண்பு! அறுவருள் இறுதியாக வினவிய சுகேசன் தன் குறையையே எடுத்துரைக்கின்றான். கோசல நாட்டு இளவரசன் ஒருவன் பதினாறு கலைகளையுடைய புருடனைப் பற்றித் தன்னை வினவினான் என்றும், தான் அறியேன் என்றே விடையிறுத்ததாகவும், பொய்யுரைப்பவன் வேரோடு உலர்ந்து போவான் ஆதலின் பொய் கூற அஞ்சியதாகவும் சொல்கின்றான். அறியேன் எனத் துணிந்து கூறிய அவனுக்கே அவ்வுபநிடதத்தின் முடிந்த உபதேசம் கிட்டிற்று.

பிப்பலாதர் விதித்தது ஓராண்டுக் காத்திருப்பு. வீலருக்கு வாழ்நாள் முழுவதுமே அவ்வோராண்டு ஆயிற்று. 1998இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவர் தம் ஆராய்ச்சி வாழ்வை மூன்றாகப் பகுத்துக் காட்டினார். எல்லாம் துகள் என்று கருதிய காலம் ஒன்று. எல்லாம் புலம் என்று கருதிய காலம் ஒன்று. எல்லாம் செய்தி என்று கருதிய காலம் ஒன்று. மும்முறை கட்டிய வீட்டை மும்முறையும் திறந்தே வைத்திருந்தார் என்க. 2001ஆம் ஆண்டு ஜனவரியில், எண்பத்தொன்பதாம் வயதில், அவருக்கு இருதய நோய் கண்டது. நோயினின்றும் எழுந்தவர், எஞ்சிய நாள் சிறிதே ஆதலால், ‘உலகு ஏன் உளதாயிற்று’ என்னும் ஒரு வினாவிலேயே இனிக் கருத்தைச் செலுத்துவதாகத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு அவரது தொண்ணூறாம் ஆண்டு நிறைவைச் சிறப்பித்து அறிஞர்கள் பிரின்ஸ்டனில் கூடியபோது, அப்பெருங்கூட்டத்தில் ஆராயப்பட்டவை அவர் எழுப்பிய வினாக்களே.

சந்திரசேகரின் முதுமையும் இத்தகையதே. 1983இல் நோபல் பரிசு பெற்ற பின்னரும், முந்நூறு ஆண்டுகட்கு முன் நியூட்டன் இயற்றிய மூல நூலைத் தொடக்கநிலை மாணாக்கனைப்போல் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் தேற்றங்களைத் தாமே நிறுவிப் பார்த்து, பின்னர் நியூட்டன் நிறுவிய முறையோடு ஒப்பிட்டு, ஒரு பெருநூல் இயற்றினார். அந்நூல் 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டே ஆகஸ்டு மாதத்தில் எண்பத்து நான்காம் வயதில் அவர் மறைந்தார். தாம் கடவுட் கொள்கை உடையவர் அல்லர் என்று ஒளிக்காமல் கூறியவர் அவர். அதனையும் இவ்வவையில் மறைத்தல் முறையன்று. உள்ளதை உரைத்தவரை இலிங்கோற்பவ மூர்த்தி வெறுத்ததாக எப்புராணமும் கூறவில்லை.

வீலர் தம் வினாவுக்கு விடை கண்டாரா? இல்லை. கண்டதாக அவர் கூறவுமில்லை. இவ்விரண்டனுள் முதலாவது மனித அறிவின் எல்லை. இரண்டாவது அம்மனிதரின் பெருமை.

இன்று இத்திருக்கோயிலில் அஷ்டபந்தனம் சாத்தப்பெற்றிருக்கின்றது. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த அம்மருந்து, மூர்த்தியையும் பீடத்தையும் பிணித்து நிற்பது. காலம் செல்லச் செல்ல அது இறுகி வெடித்துப் பிடிப்பை இழக்கும். மூர்த்தி பழுதுபட்டதன்று, பிணிப்புத் தளர்ந்தது, அவ்வளவே. ஆகவே பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை பழையதை நீக்கிப் புதிய மருந்து சாத்துகின்றனர். மனிதனுக்கும் மெய்ப்பொருளுக்கும் இடையேயுள்ள பிணிப்பும் அத்தகையதே. அப்பிணிப்பு வினவுதல் என்னும் வேட்கையால் ஆயது. இளமையில் அது நெகிழ்ந்து குழைந்து எதனையும் பற்றும். பதவியும் பழக்கமும் அறிந்துவிட்டோம் என்னும் எண்ணமும் சேர்ந்து அதனை உலர்த்திவிடும். ஓய்வு பெற்ற பின்னர்ப் பெரியோர் பலர் மாலைதோறும் இப்பிராகாரத்தில் வந்து அமர்கின்றனர். ஓய்வூதியமும் உடல்நோயும் பேரப்பிள்ளைகளின் படிப்பும் அங்கே பேச்சாகின்றன, ஆதல் இயல்பே. அப்பேச்சின் நடுவே, இளமையில் கேட்டு, வேலைப் பெருக்கால் ஒதுக்கிவைத்த வினா ஒன்றை நாள்தோறும் சிறுபொழுதேனும் மீண்டும் எடுத்துக்கொள்வார்களாயின், அதுவே அகத்தில் நிகழும் அஷ்டபந்தனமாகும். பேரப்பிள்ளை வந்து, ‘தாத்தா, சாமி ஏன் கல்லாக இருக்கிறார்?’ என்று கேட்கும்போது, அதட்டி அடக்காமல், ‘தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைச் சேர்ந்து தேடுவோம்’ என்று கூறும் முதியவர், பிப்பலாத முனிவரின் வழித்தோன்றலே ஆவார்.

குடமுழுக்கு நீர் இன்று கோபுரத்தின் முடியையும் கருவறையின் அடியையும் நனைத்திருக்கின்றது. இக்கோயிலுக்கு அடியும் உண்டு, முடியும் உண்டு; சிற்பி அவற்றை அளந்தே அமைத்தான். உள்ளே எழுந்தருளியிருப்பவனுக்கு அவை இல்லை. வலம் வரும் அன்பர்கள் பின்சுவரை அடையும்போது, அன்னத்தையும் பன்றியையும் சற்றே நின்று நோக்குவார்களாக. தேடும் ஊக்கமும், காணாததை ஒப்பும் வாய்மையும் அனைவர்க்கும் வாய்க்க, அடிமுடி அற்ற பெருமான் திருவருள் புரிவானாக!